ராமேஸ்வரத்துக்கு ஏழு பேர்: எந்த வண்டி வாடகைக்கு எடுக்கலாமுங்க?

வணக்கமுங்க. காலாண்டு லீவுக்குக் குடும்பத்தோட ராமேஸ்வரம் தீவுக்குப் போலாம்னு இருக்கறமுங்க, மூணு நாள். திருப்பூர்ல இருந்து தாராபுரம், திண்டுக்கல், மதுரை வழி. போக வர எப்படியும் 700 கிலோமீட்டர் ஆகுமுங்க.

நாங்க பெரியவங்க அஞ்சு பேரு, பொடுசுக ரெண்டு. நானே ஓட்டிக்கற மாதிரி எர்டிகா எடுத்தா மலிவுன்னு நெனச்சேன். ஆனா பின் சீட்டுல ஆள் உக்காந்தா பெட்டி வைக்க எடமில்லீங்க. அம்மிச்சிக்கு முட்டிவலி வேற, 22 தீர்த்தமும் ஆடியே தீருவேன்னு நிக்குது! இன்னோவான்னா டிரைவர் பேட்டா, டோல்னு ஏறிட்டே போகுது.

போன தடவை தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட வெள்ளை போர்டு வண்டி, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிஞ்ச வண்டி எடுத்து, சின்ன உரசலுக்கு இன்சூரன்ஸ் கெடைக்காம நானே காசு அழுதேனுங்க. இந்தத் தடவை நம்பர் பிளேட்டு கறுப்பு போர்டுல மஞ்சள் எழுத்தா, அதாவது நாமளே ஓட்டிக்கற வாடகை வண்டியாப் பதிஞ்சு இருந்தாத்தான் சாவியவே தொடுவேன்.

இல்ல, ரயில்ல போயிட்டு, தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு மட்டும் அங்கயே வண்டி பேசிக்கறது மேலுங்களா? சமீபத்துல போனவங்க கிலோமீட்டர் கணக்கு, அட்வான்ஸ் எல்லாம் எப்படிப் பேசுனீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க.