பின்கூற்றிலிருந்து முன்கூற்றை முடிக்கும் பிழைக்குப் பெயர் வேண்டும்

நாகர்கோவில், உளவியல் விரிவுரையாளர்:
குழுவினருக்கு வணக்கம். இளங்கலை மாணவருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உய்த்துணர்வு பற்றிய இயலில் ஒரு சொல் மட்டும் அமையவில்லை. பால்வெட்டு என்பது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது. ‘மழை பெய்தால் பால்வெட்டு இல்லை; இன்று பால்வெட்டு இல்லை; ஆகவே மழை பெய்திருக்கிறது’ என்று குலசேகரத்து மாணவர் ஒருவர் முடிவுகட்டினால், ரப்பர் மரம் இலையுதிர்க்கும் காலத்திலும் வெட்டு நிற்கும் என்பதை அவர் எண்ணவில்லை என்று பொருள். பின்கூற்று (‘பால்வெட்டு இல்லை’) உண்மை என்பதாலேயே முன்கூற்றும் (‘மழை பெய்தது’) உண்மை என்று கொள்ளும் இதற்குச் சுருக்கமான பெயர் கூறுங்கள்.

தக்கலை, கணித ஆசிரியர்:
அம்மா, ‘மறுதலைப் பிழை’ என்று வையுங்கள். முன்கூற்றையும் பின்கூற்றையும் இடம் மாற்றினால் வருவதுதான் மறுதலை. பிதாகரஸ் தேற்றத்தின் மறுதலையைப் பள்ளியிலேயே படித்துவிட்டு வருகிறவர்கள்தாம் உங்கள் மாணவர்கள். அந்த மறுதலை உண்மையாக அமைந்துவிட்டதே எல்லா மறுதலைகளும் உண்மை என்னும் மயக்கத்தை வளர்த்திருக்குமோ என்ற ஐயமும் எனக்கு உண்டு.

மார்த்தாண்டம், மொழிபெயர்ப்பாளர்:
நம் மாவட்டத்து வகுப்பில் அது சரிவராது. ‘மறுதலை’ என்றதும் சேவல் கூவுமுன் பேதுரு மறுதலித்ததே பலருக்கு நினைவில் எழும்; மறுப்பு என்றே பொருள் கொள்வார்கள். ‘மழை இல்லை, ஆகவே வெட்டு உண்டு’ என்று முன்கூற்றை மறுத்து முடிவுகட்டும் பிழை தனியே இருக்கையில், இரண்டும் குழம்பிவிடும். ‘பின்னேற்புப் பிழை’, ‘முன்மறுப்புப் பிழை’ என்று இணையாக வைத்தால் பெயரே இலக்கணம் சொல்லிவிடும்.

சுசீந்திரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
புதிதாகப் புனைவானேன்? மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பக்கப் போலி (துணியவேண்டிய கூற்றில் வரும் பிழை) 9, ஏதுப் போலி (காட்டும் காரணத்தில் வரும் பிழை) 14, திட்டாந்தப் போலி (எடுத்துக்காட்டில் வரும் பிழை) 10 என்று வகுத்துக் காட்டியிருக்கிறார். ஏதுவானது துணியவேண்டிய பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்பட்டால் அது அநைகாந்திகம். அதனுள் ‘சாதாரணம்’ என்னும் வகை. வெட்டு நிற்பது மழை நாளிலும் உண்டு, மழையற்ற நாளிலும் உண்டு. எனவே இது ‘சாதாரணப் போலி’. இயலின் தலைப்பில் ‘தருக்கம்’ என்னும் வடசொல் இருப்பதும் உறுத்துகிறது; ‘ஏரணம்’ என்று மாற்றுங்கள். ‘ஏரணம் உருவம் யோகம்’ என்று தொடங்கும் பழம்பாட்டு இருக்கிறதே. ‘ஏர்’ என்பது எழுச்சியைக் குறிக்கும். ஒரு கூற்றிலிருந்து மற்றொன்று எழுவதால் ஏரணம் என்பது என் துணிபு. ஏது என்பதனோடும் அதற்கு உறவு இருக்கலாம்.

தக்கலை, கணித ஆசிரியர்:
ஐயா, ஏது வடசொல்லின் வழிவந்தது. அதனோடு உறவு என்றால் ஏரணத்தின் தூய்மை என்னாவது? அநைகாந்திகத்தைக் கொண்டுவந்த கையாலேயே தருக்கத்தை விலக்கவும் சொல்கிறீர்கள். ‘சாதாரணப் போலி’ என்றால் சாதாரணமான பிழைதானே என்று மாணவர்கள் கடந்துபோவார்கள்.

குளச்சல், மொழியியல் ஆய்வாளர்:
பெயரைவிட, பிழை என்று தீர்ப்பளிப்பதே எனக்கு இடராக இருக்கிறது. 1966இல் உளவியலாளர் வேசன் முன்வைத்த நான்கு அட்டைச் சோதனையை நம் எழுத்தில் அமைத்துப் பாருங்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒருபுறம் எழுத்து, மறுபுறம் எண். கண்ணில் படுபவை அ, த், 4, 7. ‘ஒருபுறம் உயிரெழுத்து இருந்தால் மறுபுறம் இரட்டைப்படை எண்’ என்னும் விதியைச் சோதிக்க எவற்றைத் திருப்ப வேண்டும்? அ, 7 என்பதே விடை. பலர் அ, 4 என்பார்கள். நான்கின் பின்னே எது இருந்தாலும் விதி பொய்க்காது. ஆனால், மது அருந்துபவரின் வயது பற்றிய விதியாக அதையே மாற்றி 1982இல் கிரிக்ஸ், காக்ஸ் என்னும் உளவியலாளர் இருவரும் கேட்டபோது பெரும்பாலோர் சரியாகவே தேர்ந்தனர். எனவே அறிவுக் குறை என்று சொல்வதற்கில்லை. நாள்தோறும் பேசுகையில் ‘பெய்தால்’ என்பதைப் ‘பெய்தால் மட்டும்’ என்றே கேட்கிறோம். தொல்காப்பியர் நூல் எழுதும் உத்திகளுள் ஒன்றாக ‘மொழியாததனை முட்டின்றி முடித்தல்’ என்பதை வைத்தார்; கேட்பவர் செய்வதும் அதுவே. ‘பின்னேற்பு’ என்று மட்டும் நிறுத்துங்கள்.

சுசீந்திரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அந்த உத்தி நூலாசிரியருக்கு உரியது. மழையை ஊகிப்பவருக்கு அன்று. ‘போலி’ என்னும் சொல்லையாவது விடாதீர்கள்; ‘போல்’ என்பதன் அடியாகப் பிறந்த நல்ல தமிழ் அது.

நாகர்கோவில், உளவியல் விரிவுரையாளர்:
அச்சகத்தார் இருமுறை அழைத்துவிட்டார்கள். ‘பின்னேற்புப் போலி’, ‘முன்மறுப்புப் போலி’ என்று அனுப்புகிறேன். தலைப்பில் தருக்கம் இருக்கட்டும்.

குளச்சல், மொழியியல் ஆய்வாளர்:
போலி என்பதும் தீர்ப்புத்தான். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘மட்டும்’ பற்றி ஓர் அடிக்குறிப்புக்கு இடம் உண்டா?