பணம் கொடுத்தவங்க புகார் சொல்லாத மோசடி வழக்கு

நிலா: கலா அத்தை, எகிப்து சமூகவியல் பேராசிரியர் சாத் எத்தின் இப்ராஹிம் பத்தி வெள்ளிக்கிழமை பேசணும். 2000 ஜூன் 30, கைதுல இருந்து ஆரம்பிக்கட்டுமா?

கலா அத்தை: வேண்டாம்மா. 1970-கள்ல அவர் சிறைக்குள்ள போய் செஞ்ச ஆய்வுல ஆரம்பி. இஸ்லாமிய ஆயுதக் குழுக்கள்ல இருந்த 34 பேரோட உட்கார்ந்து பேசினார், 1980-ல கட்டுரையா வந்துச்சு. படிப்பில்லாதவங்க, வீட்டோட ஒட்டாதவங்கதான் இப்படிப் போவாங்கன்னு நெனப்பு இருந்துச்சு. அவர் பார்த்தது வேற. மருத்துவம், இன்ஜினியரிங்னு மார்க் நிறைய கேக்குற படிப்பு, ஊர்ல இருந்து நகரத்துக்கு வந்த பசங்க, கட்டுக்கோப்பான குடும்பம். அவரோட பெரிய பங்களிப்பு இதுதான்.

முரளி மாமா: கெய்ரோ அமெரிக்கப் பல்கலைக்கழகத்துல அவர்கிட்ட படிச்சவங்கள்ல அப்போ எகிப்து அதிபரா இருந்த முபாரக்கோட மனைவி சூசனும் உண்டு. சேத்துக்கோ.

நிலா: சரி மாமா. இப்னு கல்தூன் மையம்ங்கிற ஆய்வு மையத்தை 1988-ல தொடங்கினார், இல்லையா?

முரளி மாமா: ஆமா. சிறுபான்மையினர் பத்தி 1994-ல ஒரு மாநாடு, எகிப்தோட பூர்வீகக் கிறிஸ்தவங்களான காப்டிக் மக்களையும் அதுல சேர்த்ததால எதிர்ப்பு கிளம்பி, சைப்ரஸ்ல போய் நடத்தினாங்க. அடுத்த வருஷம் தேர்தல் கண்காணிப்பு. 2000 ஜூன்ல அரபுக் குடியரசுகள்ல அப்பனுக்கு அப்புறம் மகன் அதிபர்னு ஆகுறதைப் பத்தி எழுதினார். அந்த மாசமே உள்ளே. அந்தக் கட்டுரைதான் காரணம்னு நான் நெனைக்கிறேன்.

நிலா: குற்றப்பத்திரிகையில பண மோசடின்னுல்ல இருக்கு?

முரளி மாமா: அனுமதியில்லாம வெளிநாட்டுப் பணம் வாங்கினது, நாட்டுப் பேரைக் கெடுத்தது, ஐரோப்பிய ஒன்றியத்தோட நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் மையத்துக்குக் கொடுத்த நிதியில மோசடி. முதலாவதுக்கு 1992-ல போட்ட ராணுவ ஆணை ஒண்ணைக் காட்டினாங்க. ஆணையமோ, கணக்கைத் தணிக்கை பண்ணியாச்சு, எங்களுக்குப் புகாரே இல்லைன்னு எழுதிக் கொடுத்துச்சு.

நிலா: அப்புறமும் 7 வருஷமா!

முரளி மாமா: 2001 மே 21, அரசுப் பாதுகாப்பு நீதிமன்றம். உச்ச மேல்முறையீட்டு மன்றம் அதை ரத்து பண்ணி மறுவிசாரணைக்கு அனுப்புச்சு. 2002 ஜூலையில திரும்பவும் அதே 7. அதுவும் ரத்தாச்சு. அப்போ இருந்த சட்டப்படி ரெண்டாவது தடவை ரத்தானா வழக்கு கீழ போகாது, உச்ச மேல்முறையீட்டு மன்றமே விசாரிக்கணும். அப்படி விசாரிச்சுத்தான் 2003 மார்ச் 18-ல விடுதலை.

கலா அத்தை: அதுக்குள்ள சிறையில உடம்பு கெட்டு, நடையே தளர்ந்துபோச்சு.

நிலா: 2007-ல வெளிநாடு போயிட்டார், 2008-ல அவர் இல்லாமலே 2 வருஷ தண்டனை, அடுத்த வருஷம் அதுவும் ரத்து. 2023 செப்டம்பர்ல 84 வயசுல காலமானார். இதோட முடிச்சிடவா?

கலா அத்தை: கூட மாட்டின 27 பேரை விட்டுடாதே. பெரும்பாலானவங்களுக்கு நிறுத்திவச்ச ஒரு வருஷ தண்டனை, மையத்தோட கணக்காளர் அம்மாவுக்கு 2 வருஷம். அவங்களைப் பத்தி யாருமே பேசுறதில்ல.