புதுப்பிப்பு: குழந்தைகள் இல்லத்திலிருந்து போன பிள்ளைக்குப் பெற்றவர் இறந்தால்

கிறிஸ்தவக் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து 18 வயதில் வெளியேறிய பிள்ளைகளின் துக்கத்தில் இல்லப் பெற்றோர் (அங்கே அவர்களைப் பெற்றோர்போல் வளர்த்தவர்கள்) செய்யவேண்டியதை முன்பு எழுதியபோது, உடலை அடக்கம் செய்வதோடு நிறுத்தியிருந்தோம். இது அதன் தொடர்ச்சி.

பெற்றவர் இந்துவாக இருந்து, கொள்ளி வைக்க மகனை ஊரார் அழைத்தால் முடிவு அவனுடையது. கூடவே போய் நில்லுங்கள். விசுவாசத்தை அங்கே பேரம் பேசினால் அடுத்த முறை உங்களுக்குத் தகவலே வராது. 16ஆம் நாள் காரியத்துக்கும் லீவு தேவைப்படும், முதலாளியிடம் முதல் நாளே சொல்லிவைக்கச் சொல்லுங்கள்.

பலருக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்தும்: பார்க்க வராமலே போன அம்மா அல்லவா! "தேவ சித்தம்" என்று உடனே சொன்னால் வாயடைத்துப்போவார்கள். வாசிக்க ஏதாவது கேட்டால் பைபிளில் சங்கீதம் 88. அது இருளிலேயே முடிகிறது, அவசரமாகத் தேற்றுவதில்லை.

இறப்பை 21 நாளுக்குள் பதிந்தார்களா என்று பாருங்கள். வாரிசுச் சான்றிதழில் இல்லத்தில் வளர்ந்த பிள்ளையின் பெயரைச் சொந்தக்காரர்கள் விட்டுவிடுவதுண்டு. பிறப்புச் சான்றிதழோடு, பிள்ளையை இல்லத்தில் சேர்க்கக் குழந்தைகள் நலக்குழு கொடுத்த, பெற்றோர் பெயருள்ள உத்தரவின் நகலையும் எடுத்துக்கொண்டு தாசில்தார் அலுவலகத்துக்குப் போகலாம். அந்த நகல் பெரும்பாலும் இல்லத்தின் கோப்பிலேயே இருக்கும்.