மேலே செல்லும் கதவு மூடியிருந்த பருவம்: இங்கிலாந்தின் இரண்டாம் நிலை ரக்பியில் நாம் சந்தித்தவர்கள்

மேற்கு ஈலிங், லண்டனிலிருந்து:

இங்கிலாந்து ரக்பி யூனியனின் இரண்டாம் நிலைத் தொடரான, 2025 வரை சாம்பியன்ஷிப் என்று அழைக்கப்பட்டதை நம்மவர்களில் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. தொலைக்காட்சியில் காண்பது பிரீமியர்ஷிப் ஆட்டங்களையே. அதற்கு அடுத்த படியில், சில ஆயிரம் பேர் மட்டுமே கூடக்கூடிய மைதானங்களில், நீண்ட பருவம் ஒன்று குளிரிலும் மழையிலும் நடந்து முடிகிறது. 2022-23 பருவத்தில் வாலிஸ் வே மைதானத்தில் நான் சந்தித்த ஒரு பெரியவரைப் பற்றி இங்கு எழுதுகிறேன். இத்தொடரில் உங்களுக்கும் இப்படிப்பட்ட சந்திப்புகள் நேர்ந்திருந்தால் கீழே பகிர வேண்டுகிறேன்.

நான் கண்டியில் வளர்ந்தவன். நித்தவெலை மைதானத்தில் கண்டி விளையாட்டுக் கழகம் ஆடும் நாள்களைப் பார்த்து வளர்ந்ததால் ரக்பி எனக்குப் புதிதன்று. ஆயினும் மேற்கு ஈலிங்குக்குக் குடிவந்த பின் பல ஆண்டுகள் கனக துர்க்கை அம்மன் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டுமே நடந்துகொண்டிருந்தேன். காசில் பார் பார்க் தொடருந்து நிலையத்துக்கு அருகே, 1871 இல் தொடங்கிய ஈலிங் டிரெயில்ஃபைண்டர்ஸ் என்ற கழகம் ஆடுகிறது என்பதை என் மகன் சொல்லித்தான் அறிந்தேன். முதல் நாள் அவனுக்காகப் போனேன். பிறகு அவன் வராத நாள்களிலும் தனியாகவே போகத் தொடங்கினேன்.

அப்படித் தனியாகப் போன ஒரு சனிக்கிழமை, ஜெர்சி ரெட்ஸ் அணி வந்திருந்தது. ஆங்கிலக் கால்வாயில், பிரான்ஸ் கரைக்கு அருகே, ஏறக்குறைய ஒரு இலட்சம் மக்கள் வாழும் சிறு தீவு ஜெர்சி. தேநீர் வாங்க நின்ற வரிசையில் எனக்கு முன்னால் சிவப்புக் கம்பளித் தொப்பி அணிந்த பெரியவர் ஒருவர் நின்றார். அன்று காலை விமானத்தில் வந்ததாகவும், இரவே திரும்பிவிடுவதாகவும், அணி வெளியூரில் ஆடும்போதெல்லாம் இயன்றவரை இப்படித்தான் வருவதாகவும் கூறினார். தீவில் அவர்களுடைய மைதானம் விமான நிலையத்துக்கு அருகிலேயே இருப்பதால், தம் வாழ்க்கையில் ரக்பியும் விமானச் சத்தமும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிட்டன என்றார். ஆட்டம் முழுவதும் அருகருகே நின்று பார்த்தோம். இரு அணிகளும் தோளோடு தோள் கோத்துப் பந்துக்காகத் தள்ளும் ஸ்க்ரம் சரியும்போது, பிழை எந்தப் பக்கத்து ப்ராப்பின் (முன்வரிசை ஓரத்தில் நிற்பவரின்) மீது என்பதை, நடுவர் கையை உயர்த்துவதற்கு முன்பே, தோள்களின் சாய்வைப் பார்த்து அவர் சொல்லிவிடுவார். அவர் விளங்கப்படுத்திய பிறகுதான், எட்டுப் பேர் எட்டுப் பேரைத் தள்ளும் அந்தச் சில நொடிகளில் எவ்வளவு நடக்கிறது என்பதை நான் பார்க்கக் கற்றேன்.

ஆட்டம் முடிந்த பின்னும் வெகுநேரம் கதைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பருவத்தில் தம் அணி முதலிடம் பிடித்தாலும் பிரீமியர்ஷிப்புக்குப் போகப் போவதில்லை என்பதை அவர் வருத்தத்தோடு, ஆனால் சற்றும் கசப்பின்றிக் கூறினார். முதல் நிலைக்குச் செல்ல விரும்பும் கழகத்துக்கு 10,001 பேர் கொள்ளும் மைதானம் வேண்டும் என்பது அக்காலத்து விதி. ஈலிங்கும் டான்காஸ்டர் நைட்ஸும் அந்த அளவுகோலை நிறைவு செய்யவில்லை என்று 2022 மார்ச்சிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகும் அந்த 2021-22 பருவப் பட்டியலில் ஈலிங் முதலிடம் பெற்றது. டான்காஸ்டர் இரண்டாமிடம் பெற்றது. போதாக்குறைக்கு, 2020 பிப்ரவரியில் இந்த நிலைக் கழகங்களுக்கு ரக்பி ஒன்றியம் அளித்துவந்த நிதி ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தது. பணத்தைக் குறைத்துவிட்டுப் பெரிய மைதானத்தைக் கேட்பது நியாயமன்று என்பதே அன்றும் இன்றும் என் கருத்து.

அவர் எனக்குச் சொன்னவற்றுள் மறக்க முடியாதது எக்ஸிடரைப் பற்றியது. சாம்பியன்ஷிப் என்ற பெயரில் தொடங்கிய முதல் பருவமான 2009-10 இல், பட்டியலில் முதலிடம் பெற்ற பிரிஸ்டலும் இரண்டாமிடம் பெற்ற எக்ஸிடர் சீஃப்ஸும் இரண்டு கட்ட இறுதியாட்டத்தில் மோதின. தன் சொந்த மண்ணில் எக்ஸிடர் 9-6 என்று மயிரிழையில் வென்றது. மூன்று புள்ளி முன்னிலையோடு பிரிஸ்டலுக்குப் போகும் அணி தாங்காது என்றே பலரும் எண்ணியிருக்க, 2010 மே 26 அன்று அங்கு 29-10 என்று வென்று மேலே ஏறியது. அந்த 29 புள்ளிகளில் 24 புள்ளிகள் கேரத் ஸ்டீன்சனின் காலிலிருந்து வந்தவை. அதே எக்ஸிடர் 2017 இல் பிரீமியர்ஷிப்பையும், 2020 இல் பிரீமியர்ஷிப்போடு ஐரோப்பியக் கோப்பையையும் வென்றது. கதவு திறந்திருந்தபோது ஒரு கழகம் எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று பெரியவர் கேட்டார். இரவு விமானத்தைத் தவறவிட்டுவிடக் கூடாதே என்று நான்தான் அவரை அனுப்பிவைத்தேன்.

2023 இளவேனிலில் ஜெர்சி ரெட்ஸ் சாம்பியன் ஆனது. ஈலிங் இரண்டாமிடம் பெற்றது. என் அணி தோற்றும் நான் மகிழ்ந்த ஒரே பருவம் அது. அடுத்த அரையாண்டுக்குள், செப்டம்பர் இறுதியில், சாம்பியன் பட்டத்தைக் கையில் வைத்திருந்த அந்தக் கழகம் சம்பளம் கொடுக்க வழியின்றி மூடப்பட்டது.

செயின்ட் ஹெலியர், ஜெர்சியிலிருந்து:

அண்ணா, உங்கள் பதிவை இரவுப் பணி முடிந்து வந்து வாசித்தேன். நான் இத்தீவில் தாதியாக வேலை செய்கிறேன். ரக்பி விதிகள் எனக்கு இன்றும் முழுமையாக விளங்காது. ஆயினும் 2012 இல் இரண்டாம் நிலைக்கு உயர்ந்த அந்த அணியின் ஆட்டக்காரர்கள் எங்களுக்கு அயலவர்கள். கடையில் பால் வாங்கும்போது முன்னால் நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். கோட்டுக்கு வெளியே போன பந்தை மீண்டும் உள்ளே எறியும் லைன்அவுட்டில் ஒருவரை இருவர் எப்படித் தூக்குகிறார்கள் என்று என் மகன் கேட்டபோது, கடை வாசலிலேயே அவனைத் தூக்கிக் காட்டிய ஒருவர் எங்கள் அடுத்த தெருவில் குடியிருந்தார்.

அந்தச் செப்டம்பரில் பிரீமியர்ஷிப் அணியான பாத்தை ஜெர்சி ரெட்ஸ் தோற்கடித்தது. ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் மூடப்படும் செய்தி வந்தது. சில நாள் கழித்து, அந்த அடுத்த தெரு ஆட்டக்காரரின் மனைவி எங்கள் கதவைத் தட்டி, ஒரு குழந்தைக் கட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். அப்போது நான் இரண்டாவது பிள்ளைக்காகக் காத்திருந்தேன். கப்பலில் ஏற்றிக் கொண்டுபோகும் செலவைவிட யாருக்காவது பயன்படட்டும் என்று நினைத்ததாகச் சொன்னார். வாடகை மிக உயர்ந்த இத்தீவில் வேலை போன பிறகு தங்கியிருப்பது எளிதன்று என்பது எனக்குத் தெரியும். அவருடைய கணவர் கட்டிலைத் தூக்கிவந்து, திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கிப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த அணி கிடைத்துவிட்டதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் மகள் அந்தக் கட்டிலில்தான் வளர்ந்தாள்.

விர்ரல் தீபகற்பத்திலிருந்து:

ஐயா, வணக்கம். நான் மதுரையிலிருந்து மருத்துவப் பணிக்காக வந்தவன். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள எங்கள் பகுதியின் கால்டி கழகம், நீங்கள் குறிப்பிடும் அதே 2022-23 பருவத்தில்தான் முதன்முறையாக இந்த நிலைக்கு வந்தது. இங்கு ஆடுபவர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள். முழுநேர ஆட்டக்காரர்களைக் கொண்ட அணிகளை அவர்கள் வாரந்தோறும் எதிர்கொள்கிறார்கள்.

ஒரு நாள் என்னிடம் வந்த நோயாளியின் காதைப் பார்த்தவுடனேயே, ஸ்க்ரம்மில் தேய்ந்து தடித்த காது என்று புரிந்தது. விரலில் எலும்பு முறிந்திருந்தது. எத்தனை வாரம் ஆடக் கூடாது என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவரோ, திங்கட்கிழமை வகுப்பில் பலகையில் எழுத முடியுமா என்று முதலில் கேட்டார்; ஆசிரியராம். அவர் அழைத்ததால்தான் முதன்முறையாக மைதானத்துக்குப் போனேன். கடைசி நிமிடத்தில் கால்டி பத்துப் புள்ளி பின்தங்கியிருந்தது. அந்த நிலையில் ஒரு பெனால்டி கிடைக்க, தோல்வி உறுதியான பிறகும் ஆட்டக்காரர் நிதானமாகப் பந்தை நிறுத்தி உதைத்தார். பந்து கம்பங்களுக்கு நடுவே சென்றது, வித்தியாசம் ஏழானது, ஏழு புள்ளிக்குள் தோற்றால் பட்டியலில் ஒரு புள்ளி கிடைக்கும் என்பதால் மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. தோற்றவர்கள் அப்படி ஆரவாரம் செய்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விரலில் கட்டோடு கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் போத்தல் சுமந்துகொண்டிருந்த என் நோயாளி, அந்த ஒரு புள்ளி பருவ முடிவில் கீழே இறங்காமல் காப்பாற்றக்கூடும் என்று எனக்கு விளக்கினார்.

மேற்கு ஈலிங்கிலிருந்து மீண்டும்:

தங்கச்சி, அந்தக் கட்டிலைப் பற்றி வாசித்தபின் நெடுநேரம் எழுத முடியவில்லை. மருத்துவர் தம்பி சொன்ன அந்த ஒரு புள்ளிக்காகவே நான் கால்டிக்கு ஒருமுறை வருவேன்.

ஜெர்சி இல்லாததால் 2023-24 பருவம் 11 கழகங்களோடு நடந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவதொரு கழகம் ஆடாமல் ஓய்ந்திருந்தது. ஈலிங் 2024 இலும் 2025 இலும் முதலிடம் பெற்றது. இரு முறையும் மேலே போக முடியவில்லை. பெரியவரிடம் அன்று தொலைபேசி எண் வாங்கியிருந்தேன். தீவில் சம்பளமின்றி ஆடும் அணியின் ஆட்டங்களுக்கு இப்போது போவதாகச் சொன்னார். 2022 இல் பணமின்றி முடங்கிய வூஸ்டர் வாரியர்ஸ், 2025-26 பருவத்தில் 14 கழகங்களாக விரிந்த இந்த நிலைக்குத் திரும்பி வந்திருக்கிறது என்று நான் சொன்னதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, வாலிஸ் வேயில் வூஸ்டர் ஆடும் நாளைப் பார்த்துச் சொல்லும்படியும், தமக்கும் சேர்த்து ஒரு நுழைவுச்சீட்டு வாங்கி வைக்கும்படியும், காலை விமானத்திலேயே வந்துவிடுவதாகவும் சொன்னார்.