இடுப்புக்குழிக் கட்டிகள்: ஸ்ப்ளீனோசிஸை உறுதிசெய்யும் ஸ்கேனில் சிக்கல்

42 வயதுப் பெண். 16 ஆண்டுகளுக்கு முன் விபத்தில் கிழிந்த மண்ணீரலை அகற்றியிருக்கிறார்கள். இப்போது அடிவயிற்றில் மந்தமான வலி. எம்.ஆர்.ஐ.யில் கருப்பைக்குப் பின்னால் 1 முதல் 3 செ.மீ. வரை நான்கு திடக் கட்டிகள். சினைப்பைகள் தனியாக, இயல்பாகத் தெரிகின்றன. சினைப்பைப் புற்றுநோயில் உயரக்கூடிய ரத்தக் குறியீடான சிஏ-125 இயல்பு. அறிக்கையோ புற்றுநோய்ப் பரவல் என்கிறது.

ஆனால் மண்ணீரல் இல்லாதவர்களின் சிவப்பணுக்களில் தங்கிவிடும் ஹோவெல்-ஜாலி துகள்கள் (உட்கருவின் மிச்சங்கள்) இவர் ரத்தப் பூச்சில் இல்லவே இல்லை. விபத்தில் சிதறிய மண்ணீரல் திசு வேர்பிடித்து வேலைசெய்கிறது, அதாவது இது ஸ்ப்ளீனோசிஸ் என்றே நினைக்கிறேன். ரத்தக்கசிவு அபாயத்தால் ஊசி பயாப்சி எடுக்கவில்லை. மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவை உறிஞ்சும் கதிரியக்கத் துகள்களைச் செலுத்திப் பார்க்கும் சல்ஃபர் கொலாய்டு ஸ்கேன் எடுத்தோம். இடுப்பெலும்பு மஜ்ஜையும் ஒளிர்ந்ததால் சிறிய கட்டிகள் பிரிந்து தெரியவில்லை. சூட்டில் லேசாகச் சேதமான சிவப்பணுக்களை மண்ணீரல் திசு பிடித்துவைக்கும் என்பதால், டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் ஏற்றிய சிவப்பணுக்களை 49.5 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் சூடாக்கிச் செலுத்தியும் பார்த்தோம். பெரும்பகுதி கல்லீரலுக்கே போய்விட்டது, அதாவது சிவப்பணுக்கள் சூட்டில் அளவுக்கு மீறிச் சிதைகின்றன. ஸ்ப்ளீனோசிஸ்தான் என்று உறுதியானால் இவருக்குப் பெரிய அறுவையே தேவைப்படாது.

இந்த ஸ்கேனை வழக்கமாகச் செய்பவர்கள், சூடாக்கும் நீர்த்தொட்டியில் சிவப்பணுக்கள் துண்டாகாமல் சூட்டை எப்படிச் சீராக வைக்கிறீர்கள்?