அலர்ஜி கண் அரிப்பு: சொட்டு மருந்து போட்டும் சிவப்பு திரும்புகிறது

கேள்வி:
இரண்டு கண்ணிலும் அரிப்பு, நீர் வடிதல். சிவப்பைப் போக்கும் நாபசோலின் சொட்டு மருந்தைத் தொடர்ந்து போடுகிறேன். உடனே வெளுக்கிறது, சில மணி நேரத்தில் முன்னைவிட அதிகமாகச் சிவக்கிறது. கான்டாக்ட் லென்ஸ் அணிபவன். எதை மாற்ற வேண்டும்?

பதில் 1:
முதலில் நாபசோலினை நிறுத்துங்கள். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அவ்வளவுதான். 3 நாளுக்கு மேல் போட்டால், வேகம் இறங்கியதும் குழாய்கள் முன்னைவிட விரிந்துகொள்ளும். அரிப்பைக் கிளப்புவது ஹிஸ்டமின், அலர்ஜியின்போது உடல் வெளியிடும் ரசாயனம். அதைத் தடுக்கும் ஓலோபட்டடின் 0.1% சொட்டு மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்: ஒவ்வொரு கண்ணிலும் 1 சொட்டு, நாளுக்கு 2 முறை.

பதில் 2:
போடும் விதமும் முக்கியம். கீழ் இமையை இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரே சொட்டு. இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். கண்ணை மூடி, அதன் மூக்கோர முனையை 1 நிமிடம் அழுத்துங்கள், தொண்டைக்கு இறங்காது. வேறு சொட்டு மருந்தும் இருந்தால் 5 நிமிட இடைவெளி.

கண் சிவந்திருக்கும்வரை லென்ஸ் வேண்டாம். தெளிந்த பிறகும், மருந்து போட்டு 15 நிமிடம் கழித்தே அணியுங்கள். பல மருந்துகளில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடை மென்மையான லென்ஸ் உறிஞ்சிக்கொண்டு கண்ணை உறுத்தும்.

பதில் 3:
தயவுசெய்து கசக்காதீர்கள், கசக்கினால் இன்னும் ஹிஸ்டமின் வெளியேறி அரிப்பு கூடும். குளிர்ந்த ஈரத்துணியை 10 நிமிடம் மூடிய இமைமேல் வையுங்கள். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது: கண் அழுத்தம் ஏறும், புரையும் வரலாம். வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தில் கூச்சம் இருந்தால் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.