ஆடை களைதல்: களையெடுப்போடு என்ன உறவு?

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் கட்டுரையில் "ஆடையைக் களைத்துவிட்டுக் குளித்தான்" என்று எழுதியிருந்தான். "களைந்துவிட்டு" எனத் திருத்தியதும், தோட்டத்தில் புல் பிடுங்குவதற்கும் ஆடையை நீக்குவதற்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்று கேட்டான். ஆடை களைதல் களையெடுப்பிலிருந்து பிறந்ததா? பேச்சில் வரும் "கழட்டு" என்பதும் இதன் திரிபுதானா?

மறுமொழி 1 (தோட்டத்துப் பிள்ளை):
களைதலுக்கு அடிப்படைப் பொருள் நீக்குதலே. பயிருக்கு நடுவிலிருந்து நீக்க வேண்டியதாகையால் அந்தச் செடி களை எனப்பட்டது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. "உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே இடுக்கண் களைவதாம் நட்பு" (788) என்னும் குறளில் உவமை ஆடையைப் பற்றியது, களையப்படுவதோ துன்பம். மலையாளத்தில் "களயுக" என்றால் தூக்கி எறிதல், தொலைத்தல். பால் மரம் வெட்டித் திரும்பும் என் தாயார், ரப்பர் பால் காய்ந்து விறைத்த சட்டையைக் "கழட்டிப் போடணும்" என்பாரே தவிரக் "களைய வேண்டும்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அதே வாயால் "அரிசியைக் களைஞ்சு வை" என்பார். ஆடைக்கு ஏட்டுச் சொல்லாகிவிட்ட களைதல், அடுப்படியில் இன்னும் புழங்குகிறது.

மறுமொழி 2 (இலக்கண ஆர்வலர், தாப்பா):
கழட்டு வேறு வேரினது. கழலுதல் என்றால் தளர்ந்து நழுவுதல். சுழல் சுழற்று என்றும் அகல் அகற்று என்றும் ஆவதுபோல், கழல் என்பது கழற்று ஆகிறது. பேச்சில் அது கழட்டு. உடலில் மாட்டிய சட்டை, வளையல், செருப்பு ஆகியவற்றுக்கு இது இயல்பாகப் பொருந்தும். முடிச்சிட்டுக் கட்டியதற்கு அவிழ்த்தல் என்பதே நயமானது, வேட்டியை அவிழ்க்கிறோம். உரித்தலில் வன்மை இருப்பதால்தான் திரௌபதிக்கு நேர்ந்ததைத் துகிலுரிதல் என்கிறோம்.

மறுமொழி 3 (சுங்கை சிப்புட் வாசகர்):
மாணவன் எழுதிய "களைத்து" சோர்வடைதலைக் குறிக்கும் வேறு வினை. களைந்தான், களைத்தான் என்று இறந்தகாலத்தில் இரண்டும் பிரிந்துவிடும். "ஆடை கலைந்தது" என்றால் குலைந்தது என்று பொருள், அதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். நம் ஊர்ப் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகி, கழட்டு "களட்டு" என்றே காதில் விழுவதால்தான் இரண்டும் ஒரே சொல்லாகத் தோன்றுகின்றன. கரும்பலகையில் கழல், கழற்று, களை என்று எழுதிக் காட்டினால் வேறுபாடு உடனே விளங்கும்.